சம்பந்தம் பேசும் வீட்டில் திருமறை

 

புதுவை நகரின் முஸ்லிம் வீதிகளில் ஒரு கேள்வி வெகுகாலமாக உலவி வருகிறது. முல்லா வீதியிலும் காஜியார் வீதியிலும் உள்ள பல குடும்பங்களுக்குப் பிரான்ஸ் தேசத்தில் ஒரு கிளை உண்டு. மகன் அங்கே, அல்லது மருமகன் அங்கே, அல்லது பேரப்பிள்ளைகள் அங்கேயே பிறந்து அங்கேயே படிக்கிறார்கள். பிள்ளையை விமானத்தில் ஏற்றிவிட்டுத் திரும்பும் தாய் கேட்கிறாள்: “அந்த ஊர்ச் சட்டத்துக்குக் கீழே என் பிள்ளை தீனோடு இருக்க முடியுமா?”

கேள்வி நல்ல கேள்விதான். ஈமான் உள்ள நெஞ்சிலிருந்துதான் இது வரும். ஆனால் இதற்குப் பதில் காண வேண்டுமானால் இரண்டு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். அந்தச் சட்டம் என்ன சொல்கிறது என்பது ஒன்று; நம் திருமறை என்ன சொல்கிறது என்பது மற்றொன்று. முதலாவதை விசாவுக்காக அலைந்தே பாதி கற்றுக்கொண்டு விடுகிறோம். இரண்டாவதைத்தான் “எல்லாம் தெரிந்ததுதானே” என்று விட்டுவிடுகிறோம். வியாழன் இரவு யாஸீன் ஓதுகிறோம், ரமளானில் கத்தம் முடிக்கிறோம். அல்ஹம்து லில்லாஹ்! ஆனால் ஸாத் அத்தியாயத்தின் 29-ஆம் வசனத்தில், இந்த வேதம் இறக்கப்பட்டதன் நோக்கமே மக்கள் இதன் வசனங்களை ஆழ்ந்து சிந்திப்பதுதான் என்பதாக அல்லாஹ் அருளியிருக்கிறான். அந்தச் சிந்தனை நம் வீட்டில் எந்த நாளில் நடக்கிறது?

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை தெரிய வரும். பிரெஞ்சுச் சட்டம் நம்மோடு உரசும் இடங்களில் பெரும்பாலானவை அல்லாஹ் நமக்கு விட்டுக்கொடுக்க இடம் வைத்திருக்கும் இடங்கள். அல்லாஹ்வின் நேரடிக் கட்டளையோடு நாம் மோதுவதோ நம் சொந்தக் கூடத்தில், சம்பந்தம் பேசி முடிக்கும் நாளில். அங்கே பிரெஞ்சுக்காரன் எவனும் வந்து உட்காருவதில்லை.

இதை விளக்குமுன் நம் ஊரின் வரலாற்றைக் கொஞ்சம் திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

1819-ஆம் ஆண்டு ஜனவரி 6-ஆம் தேதி புதுச்சேரியில் பிரெஞ்சு நிர்வாகம் ஓர் ஆணை பிறப்பித்தது. இந்தியர்கள் கிறிஸ்தவரானாலும், முஸ்லிமானாலும், இந்துவானாலும், முன்போலவே அவரவர் சாதியின் சட்டம், வழக்கம், பழக்கம் இவற்றின்படியே தீர்ப்புப் பெறுவார்கள் என்று அதில் வாக்களிக்கப்பட்டது. அந்நிய ஆட்சியில் நம் பாட்டன்மார்களின் நிகாஹும் தலாக்கும் வாரிசுரிமையும் நம்மிடமே இருந்தன என்றால் இந்த வாக்குறுதியும் அதற்கு ஒரு காரணம். நல்லதுதான். ஆனால் அந்த வாசகத்தில் ஒரு சிக்கல் ஒளிந்திருந்தது. சட்டத்தையும் வழக்கத்தையும் ஒரே மூச்சில் சொல்லி, இரண்டையும் ஒரே தராசுத் தட்டில் வைத்துவிட்டது. அல்லாஹ் விதித்ததும் ஒன்று, ஊரார் வழக்கமாகச் செய்வதும் ஒன்று! 1841-இல் சிசே என்ற பிரெஞ்சு அதிகாரி நம்மவர்களின் ஷரீஅத்தைப் பற்றிப் பிரெஞ்சில் ஒரு நூல் வெளியிட்டார். அதன் தலைப்பிலும் தக்காணத்து முஸ்லிம்களின் சட்டங்கள், வழக்கங்கள், பழக்கங்கள் என்று மூன்றும் ஒன்றாகவே நிற்கின்றன. அவரை நாம் குறை சொல்வதற்கில்லை. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும். உள்ளே இருக்கும் நமக்கும் ஒன்றாகத் தெரிவதுதான் வருத்தத்திற்குரியது.

பிறகு 1881-ஆம் ஆண்டு செப்டம்பர் 21-ஆம் தேதி மற்றொரு ஆணை வந்தது. விரும்புகிறவர் தம் சொந்தச் சமயச் சட்டத்தைத் துறந்து, ஒரு குடும்பப் பெயரைச் சூட்டிக்கொண்டு, பிரெஞ்சு சிவில் சட்டத்துக்குள் வந்துவிடலாம். ஒருமுறை கையெழுத்திட்டால் திரும்ப முடியாது. மனைவியையும் வயது வராத பிள்ளைகளையும் அது கட்டுப்படுத்தும். அப்படிச் செய்தவர்களில் பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள். நம்மவர்கள் மிகச் சிலரே. ஷரீஅத்தைத் துறக்கிறேன் என்று எழுதிக் கொடுக்க நம் முன்னோருக்குக் கை வரவில்லை. அல்லாஹ் அவர்களுடைய கப்ருகளை விசாலமாக்குவானாக!

ஆனாலும் பிரான்ஸோடு உறவு வேறு வழியாக வளர்ந்தது. பிரெஞ்சுப் பட்டாளத்திலும் உத்தியோகத்திலும் சேர்ந்தவர்கள், வியாபாரத்துக்காகச் சைகோன் வரை சென்றவர்கள் புதுவையிலும் காரைக்காலிலும் ஏராளம். சைகோன் நகரின் நடுவே 1935-இல் தென்னிந்திய முஸ்லிம்கள் எழுப்பிய பள்ளிவாசல் இன்றும் நிற்கிறது. 1954 நவம்பர் 1-இல் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. 1956-இல் கையெழுத்தான ஒப்பந்தம் 1962 ஆகஸ்டு 16-இல்தான் நடைமுறைக்கு வந்தது. அன்று முதல் ஆறு மாத காலத்துக்குள் எழுத்து மூலம் தெரிவித்தவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ளலாம் என்று வாய்ப்பு அளிக்கப்பட்டது. சுமார் 5,000 பேர் அப்படித் தெரிவித்தார்கள். மற்றவர்கள் இந்தியப் பிரஜைகளானார்கள். அண்ணன் எழுதிக் கொடுத்தார், தம்பி எழுதிக் கொடுக்கவில்லை. ஒரே வீட்டில் இரண்டு தேசம் உண்டானது இப்படித்தான். பிரெஞ்சு ஆட்சி போன பின்னர் 1937-ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டம் இங்கும் நீட்டிக்கப்பட்டது. மாறான வழக்கம் எதுவாயினும் முஸ்லிம்களுக்கு ஷரீஅத்தே தீர்ப்பு என்று சொல்லும் சட்டம் அது. வழக்கத்தையும் மார்க்கத்தையும் பிரித்து வைக்கும் வேலையைச் சட்டமன்றம் கூடச் செய்துவிட்டது. நாம் செய்தோமா?

வழக்கம் என்றாலே தீமை என்று நாம் சொல்லவில்லை. அப்படிச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் வேறொரு ஓரத்துக்குப் போய்விட்டார்கள். பகரா அத்தியாயத்தின் 170-ஆம் வசனத்தில், அல்லாஹ் இறக்கியதைப் பின்பற்றுங்கள் என்றால் எங்கள் மூதாதையர் வழியையே பின்பற்றுவோம் என்று கூறியோரை அல்லாஹ் கண்டிக்கிறான். அதே அத்தியாயத்தின் 233-ஆம் வசனத்தில், பாலூட்டும் தாய்க்கு உணவும் உடையும் கொடுப்பது ஊரில் நன்மையென அறியப்பட்ட முறைப்படி இருக்கட்டும் என்றும் விதிக்கிறான். ஊர் வழக்கத்துக்கு அவனே இடம் கொடுக்கிறான் அல்லவா? ஃபிக்ஹுடைய இமாம்களும், மார்க்கத்துக்கு முரணாகாத வழக்கத்தைத் தீர்ப்புக்கு ஆதாரமாக ஏற்றிருக்கிறார்கள். மணமகள் புடவை உடுத்துவதா, வேறு உடுப்பதா? விருந்தில் பிரியாணியா, நெய்ச்சோறா? ஊர் வழக்கம் எதுவோ அது. கருகமணி கட்டுவதைப் பற்றிக் கேட்கிறார்கள். அது நிகாஹின் ருக்னு அல்ல, கட்டாவிட்டால் நிகாஹ் குறைவதுமில்லை. இதை மணப்பெண்ணின் பாட்டியும் தெரிந்திருந்தால் போதுமானது. வலீ, இரண்டு சாட்சிகள், ஈஜாபு, கபூல், மஹர் இவற்றில் கவனம் போக வேண்டியது கருகமணியின் பவுன் கணக்கில் போய்விடுகிறது. அதுதான் நமக்குக் கவலை.

இனி நம் கூடத்துக்கு வருவோம்.

மாப்பிள்ளைக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை இருக்கிறது என்ற செய்தி பரவியதும் பெண்ணைப் பெற்றவர்கள் வரிசையாக வருகிறார்கள். பேச்சு ஆரம்பமாகிறது. மாப்பிள்ளையின் தாய் மிகவும் பக்குவமாகச் சொல்கிறாள்:

“நாங்க எதுவும் கேக்க மாட்டோம், மச்சி. உங்க பிள்ளைக்கு நீங்க போடறதுதான். ஆனா அவன் பாரிஸ்ல இருக்கிறவன். அதுக்குத் தகுந்த மாதிரி நீங்களே பாத்துச் செய்யுங்க.”

பெண்ணின் தகப்பனார் தலையை ஆட்டுகிறார். இரவில் மனைவியிடம், “வீட்டை அடகு வெச்சாத்தான் முடியும்” என்கிறார். மறுவாரம் பரிசம். நிகாஹ் நாளில் ஜமாஅத்தின் தப்தரில் மஹர் என்ற இடத்தில் ஒரு சிறு தொகை எழுதப்படுகிறது. அதற்குப் பல மடங்கான தொகை எந்தத் தப்தரிலும் எழுதப்படாமல் கை மாறியிருக்கிறது. இதற்குத்தான் நம் தமிழில் கைக்கூலி என்று பெயர். கூலி என்ற சொல்லைக் கவனியுங்கள். எந்த வேலைக்குக் கூலி?

அன்னிஸா அத்தியாயத்தின் 4-ஆம் வசனத்தை எடுத்துப் பாருங்கள். அந்த வசனம் ஆண்களை நோக்கிப் பேசுகிறது. பெண்களுக்கு அவர்களுடைய மஹரை மனமுவந்த கொடையாகக் கொடுத்துவிடும்படி கட்டளையிடுகிறது. அவர்களாக மனமொப்பி அதிலிருந்து ஏதேனும் விட்டுக்கொடுத்தால் மட்டுமே நீங்கள் அதை அனுபவிக்கலாம் என்கிறது. கொடுக்கும் கை ஆணின் கை. வாங்கும் கை பெண்ணின் கை. தகப்பனின் கைகூட அல்ல, அவளுடைய கை! கைக்கூலியில் இந்த வசனம் அப்படியே தலைகீழாகிறது. வாங்குபவன் ஆண், கொடுப்பது பெண் வீடு. அந்தத் தொகை அவள் கையில் ஒரு நிமிஷம்கூடத் தங்குவதில்லை.

பகராவின் 188-ஆம் வசனம் ஒருவர் பொருளை மற்றவர் தவறான வழியில் உண்பதைத் தடுக்கிறது. ‘மனமொப்பித்தானே கொடுத்தார்கள்’ என்று பதில் சொல்வார்கள். வீட்டை அடகு வைத்துவிட்டு ஒருவர் மனம் ஒப்புமா? ‘கேக்க மாட்டோம், பாத்துச் செய்யுங்க’ என்பது கேட்பதில் எத்தனாவது வகை என்பதைப் பெண்ணைப் பெற்றவர்கள் அறிவார்கள். ஹனஃபீ மத்ஹபின் துர்ருல் முக்தார் என்ற நூலில் ஒரு மஸ்அலா காணப்படுகிறது. அந்த நாட்டில் பெண்ணின் உறவினர்கள்தாம் மாப்பிள்ளையிடம் பணம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பெண்ணை ஒப்படைக்கும்போது அவர்கள் பிடுங்கிக்கொண்டதை மாப்பிள்ளை திரும்பக் கேட்டு வாங்கலாம், ஏனெனில் அது லஞ்சம் என்று அங்கே தீர்ப்புச் சொல்லப்பட்டிருக்கிறது. நம் நாட்டில் கொடுப்பவரும் வாங்குபவரும் இடம் மாறியிருக்கிறார்கள். பணத்தின் தன்மை மாறவில்லை.

இன்னொரு வாதம் உண்டு. “ஃபாத்திமா நாயகியாருக்கு நபிகள் நாயகம் சீர் கொடுக்கவில்லையா?” கொடுத்தார்கள். ஒரு கம்பளித் துணி, ஒரு தோல் துருத்தி, புல் அடைத்த ஒரு தலையணை. ஹதீஸில் வரும் பட்டியல் அதோடு முடிகிறது. அலீ (ரலி) அவர்கள் அவற்றைக் கேட்கவில்லை. மாறாக, கொடுப்பதற்கு என்ன இருக்கிறது என்று நபியவர்கள்தாம் அலீயிடம் கேட்டார்கள். தம்மிடமிருந்த போர்க்கவசத்தை அவர் மஹராகக் கொடுத்தார். அபூதாவூதில் இந்தச் செய்தி இருக்கிறது. இன்னொரு தோழர் நிகாஹுக்கு வந்தபோது இரும்பு மோதிரமாவது இருக்கிறதா பார் என்று அனுப்பினார்கள். அதுவும் இல்லாதபோது அவருக்குத் தெரிந்த குர்ஆன் அத்தியாயங்களை மணப்பெண்ணுக்குக் கற்பிப்பதையே மஹராக ஆக்கினார்கள். இது புகாரீ, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. அந்த ஏழைத் தோழரிடம், பெண் வீட்டில் ஏதாவது வாங்கிக்கொள் என்று நபியவர்கள் சொல்லவில்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும். அதைவிட எளிய வழி இருந்திருக்க முடியாதே!

மேலும், எதற்காக இந்த விலை? பையனின் படிப்புக்கா, ஒழுக்கத்துக்கா? இல்லை. பாட்டனார் 1962-இல் ஒரு தாளில் கையெழுத்திட்டார். அல்லது பட்டாளத்தில் சொல்தாவாக இருந்தார். அந்தக் கையெழுத்துக்காக மூன்றாம் தலைமுறையில் ஒரு பெண்ணின் வீடு அடகுக்குப் போகிறது. குடியுரிமை விற்கக்கூடிய சரக்கு அல்ல. மணந்த மறுநாள் கிடைப்பதும் அல்ல. மனைவி அதற்கு விண்ணப்பிக்கவே திருமணத்துக்குப் பிறகு குறைந்தது நான்கு ஆண்டுகள் சேர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும் என்பது 2006 முதல் பிரான்ஸின் சட்டம். காகிதத்துக்காக மட்டும் செய்யப்படும் திருமணத்துக்கு அங்கே ஐந்தாண்டு வரை சிறையும் 15,000 யூரோ வரை அபராதமும் உண்டு. அந்தச் சட்டத்தை எழுதியவர்கள் முஸ்லிம்கள் அல்லர். ஆனாலும் திருமணம் என்பது வியாபாரமாகிவிடக் கூடாது என்று அவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். நம் நாட்டில் 1961-ஆம் ஆண்டின் வரதட்சணைத் தடைச் சட்டம் வாங்குவதையும் குற்றமாக்குகிறது, கொடுப்பதையும் குற்றமாக்குகிறது. வரதட்சணை எது என்று விளக்கும் பிரிவில் முஸ்லிம்களின் மஹர் அதில் அடங்காது என்று தனியாகக் குறிப்பிட்டிருக்கிறார்கள். மஹருக்கும் கைக்கூலிக்கும் உள்ள பேதம் டெல்லிப் பாராளுமன்றத்துக்கு விளங்கியிருக்கிறது.

இப்போது கடலுக்கு அப்பால் போவோம். மார்க்கத்தைக் காப்பாற்றிக்கொண்டு பிறர் ஆட்சியில் வாழ்ந்த முதல் முஸ்லிம்கள் யார்? நபித்துவத்தின் ஐந்தாம் ஆண்டில், அதாவது கி.பி. 615-இல், அபிசீனியாவுக்குச் சென்ற தோழர்கள். நஜ்ஜாஷி மன்னர் கிறிஸ்தவர். அவருடைய சபையில் ஜஅஃபர் (ரலி) அவர்கள் மர்யம் அத்தியாயத்தை ஓதிக் காட்டியதை நாம் குழந்தைப் பருவத்திலிருந்தே கேட்டிருக்கிறோம். அதில் நாம் கற்க வேண்டியது என்ன? ஈஸா நபியைப் பற்றி மன்னருக்குப் பிடித்தமாதிரிச் சொல்லிவிடுவோம் என்று அவர்கள் மழுப்பவில்லை. அல்லாஹ்வும் ரஸூலும் சொன்னதைச் சொன்னார்கள். மன்னர் முன் சிரம் பணியவுமில்லை. அதே சமயம், அந்நாட்டில் சண்டையிட்டுக்கொண்டும் திரியவில்லை. மன்னரின் பாதுகாப்பில் அமைதியாக வாழ்ந்தார்கள். ஜஅஃபர் அவர்கள் மதீனா வந்து சேர்ந்தது ஹிஜ்ரி 7-இல், கைபர் வெற்றியின் சமயத்தில். ஏறத்தாழ பதின்மூன்று ஆண்டுகள்! எங்கே நிமிர்ந்து நிற்பது, எங்கே விட்டுக்கொடுப்பது என்று தெரிந்திருந்தால்தான் அத்தனை காலம் ஒரு ஊரில் இருக்க முடியும். அதைத் தெரிந்துகொள்ள அவர்களிடம் இருந்தது அதுவரை இறங்கியிருந்த திருமறை வசனங்கள்தாம்.

அந்த அபிசீனியாவில்தான் உம்மு ஹபீபா (ரலி) அவர்களின் நிகாஹும் நடந்தது. கணவரை இழந்து தனியாக நின்ற அவர்களை நபியவர்கள் மணம் பேசினார்கள். நபியவர்கள் மதீனாவில் இருக்க, நிகாஹ் வகீல் மூலமாக நடந்தது. நபியவர்களின் சார்பில் மஹரைக் கொடுத்தவர் நஜ்ஜாஷி மன்னர். நாலாயிரம் திர்ஹம் என்று அபூதாவூதில் வருகிறது. மற்ற மனைவியரின் மஹர் ஐந்நூறு திர்ஹம் என்று ஆயிஷா (ரலி) அவர்கள் சொன்னதாக முஸ்லிமில் இருக்கிறது. அந்நிய நாட்டில், அந்நியர் அரசவையில், உற்றார் உறவினர் இல்லாத ஒரு பெண்ணுக்குக்கூட மஹர் அவளை நோக்கித்தான் வந்தது.

இந்த வகீல் விஷயத்தில்தான் பிரெஞ்சுச் சட்டம் நம்மோடு உரசுகிறது. பிரெஞ்சுக் குடிமகன் ஒருவன் வெளிநாட்டில் மணம் செய்தாலும் அவன் நேரில் இருந்தாக வேண்டும் என்று 1993 முதல் அங்கே விதி இருக்கிறது. பாரிஸிலிருந்து வகீல் வைத்துப் புதுவையில் நிகாஹ் முடித்துவிட்டு, அது செல்லுபடியாகாமல் தவித்த குடும்பங்கள் நம்மை அணுகுவதுண்டு. “மார்க்கம் அனுமதித்ததை அவன் எப்படித் தடுக்கலாம்?” என்று கோபப்படுகிறார்கள். அனுமதி வேறு, கட்டளை வேறு. வகீல் வைப்பது ஆகும். வைத்தே ஆக வேண்டும் என்பதில்லை. மாப்பிள்ளை வந்து உட்கார்ந்து தம் வாயால் கபூல் சொன்னால் எந்த இமாமுக்கு ஆட்சேபம்? பலதாரமணமும் அப்படியே. நீதி செலுத்த முடியாதோ என்று அஞ்சினால் ஒன்றோடு நிறுத்திக்கொள்ளும்படி அன்னிஸாவின் 3-ஆம் வசனமே சொல்கிறது. அந்நாட்டில் அது குற்றம் என்றால் விட்டுவிடுவதால் தீன் ஒன்றும் குறைந்துவிடாது. பிரான்ஸில் மதச் சடங்குக்கு முன் மேரியில் சிவில் திருமணம் நடக்க வேண்டும் என்ற விதிக்கும் இதே பதில்தான். மேரியில் போடும் கையெழுத்து நிகாஹைக் கெடுப்பதில்லை. நாளைக்குப் பெண்ணுக்கு உரிமை கேட்க ஓர் அத்தாட்சியாகவும் அமையும்.

உண்மையாகவே கனமான இடம் ஒன்று இருக்கிறது. அதை நாம் மறைக்கவில்லை. 2004 மார்ச் 15-ஆம் தேதியின் சட்டப்படி பிரான்ஸின் அரசுப் பள்ளிக்கூடங்களில் மாணவிகள் தலைத்துணி அணிய முடியாது. 2023-இல் அபாயாவையும் தடுத்துவிட்டார்கள். அந்நூர் அத்தியாயத்தின் 31-ஆம் வசனமோ கட்டளை; வகீல் போன்ற அனுமதி அல்ல. இங்கே பதினைந்து வயதுப் பெண் குழந்தையின் தோளில் பெரியவர்களின் சண்டை முழுவதும் ஏற்றப்படுகிறது. விடுமுறையில் அவள் புதுவைக்கு வந்தால், “அங்கே தலையைத் திறந்துகொண்டு போகிறாளாமே” என்று முகத்துக்கு நேரே கேட்கும் மாமிமார்கள் உண்டு. அப்படிக் கேட்பவர்கள் முதலில் அந்தச் சட்டத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். அது அரசுப் பள்ளிகளுக்கு மட்டும். பல்கலைக்கழக மாணவிகளை அது கட்டுப்படுத்தாது. தனியார் பள்ளிகளையும் அது கட்டுப்படுத்தாது. வசதியிருப்பவர்கள் அதை நாடலாம். இல்லாதவர்கள்? தகாபுன் அத்தியாயத்தின் 16-ஆம் வசனத்தில் இயன்ற அளவுக்கு அல்லாஹ்வை அஞ்சும்படி கூறப்பட்டிருக்கிறது. பள்ளி வாசலில் கழற்றி, வெளியே வந்ததும் மறுபடி அணிந்துகொள்ளும் அந்தக் குழந்தை, ஒரு நாளைக்கு இருமுறை அல்லாஹ்வை நினைக்கிறாள். அவளை ஏசுவதற்கு நமக்கு அதிகாரமில்லை. அவளுடைய வழக்கில் ஃபத்வா வேண்டுமென்றால் அங்கே இருக்கும் ஆலிம்களிடம் அவளுடைய தாய் தகப்பன் கேட்கட்டும்.

வாரிசுரிமையைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். பிரெஞ்சு சிவில் சட்டம் மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு தருகிறது. அன்னிஸாவின் 11-ஆம் வசனம் மகனுக்கு இரண்டு பங்கும் மகளுக்கு ஒரு பங்கும் விதிக்கிறது. இது மோதல்தான் என்று நம்மவர்கள் பெரிதாகப் பேசுகிறார்கள். சரி, நம் வீதியில் என்ன நடக்கிறது? “உனக்குத்தான் கல்யாணத்தில் போட்டாகிவிட்டதே” என்று சொல்லி வீட்டை ஆண்பிள்ளைகள் பேரில் எழுதிவிடுகிறார்கள். பிரான்ஸ் அவளுக்கு ஒன்று கொடுக்கிறது. திருமறை அவளுக்கு ஒரு பாதி கொடுக்கிறது. நம் வழக்கம் பூஜ்யம் கொடுக்கிறது! பாரிஸ் சட்டத்தைப் பற்றி ஜும்ஆவுக்குப் பின் வாதாடுபவர், தம் சகோதரியின் பங்கைப் பற்றி ஏன் வாய் திறப்பதில்லை? கல்யாணத்தில் போட்டது வாரிசுப் பங்கு ஆகாது. ஒருவர் மவுத்தான பிறகுதான் வாரிசுரிமையே பிறக்கிறது. தவிரவும், போட்டதில் பெரும்பகுதி அவளுக்குப் போட்டதல்ல, மாப்பிள்ளைக்குப் போட்டது. குறைவோ அதிகமோ பெண்களுக்கும் பங்குண்டு என்று 7-ஆம் வசனமும், இவை அல்லாஹ்வின் எல்லைகள் என்று 13, 14-ஆம் வசனங்களும் சொல்கின்றன. இந்த வசனங்களைக் கத்தத்தில் ஓதுகிறோம். பொருளறிந்து ஓதினால் நாக்கு அங்கே கொஞ்சம் தயங்கும்.

ஆகவே நாம் தாய்மார்களிடமும் தகப்பன்மார்களிடமும் கேட்டுக்கொள்வது பெரிய காரியமல்ல. சம்பந்தம் பேச உட்காரும் நாளுக்கு முந்திய இரவு, மஃரிபுக்குப் பிறகு வீட்டில் எல்லோரும் உட்காருங்கள். அன்னிஸா அத்தியாயத்தின் முதல் இருபத்தைந்து வசனங்களை ஓதி, தமிழாக்கத்தையும் சத்தமாக வாசியுங்கள். அப்துல் ஹமீது பாகவி அவர்களின் தமிழாக்கமோ, உங்கள் பள்ளி இமாம் காட்டும் வேறொன்றோ போதும். புரியாத இடத்தைக் குறித்து வைத்து இமாமிடம் கேளுங்கள். நீங்களாகவே தீர்ப்புச் சொல்லிவிட வேண்டாம். மணமாகப் போகும் பிள்ளையும் அந்தச் சபையில் இருக்க வேண்டும். பெண் குழந்தைகளை அடுக்களைக்கு அனுப்பிவிடாதீர்கள். மார்க்கத்தைக் கற்பதில் அன்ஸாரிப் பெண்களை வெட்கம் தடுக்கவில்லை என்று ஆயிஷா (ரலி) அவர்கள் பாராட்டியிருக்கிறார்கள். மஹரைப் பெண்ணிடமே கேட்டு நிர்ணயிங்கள். கபூல் ஆனதும் அவள் கையிலேயே கொடுங்கள். ஜமாஅத்தார்கள், முத்தவல்லிமார்கள் கைக்கூலி வாங்கிய வீட்டுக்கு நிகாஹ் தப்தர் தருவதா இல்லையா என்று கூடி முடிவு செய்யலாம். அந்த அதிகாரம் அவர்களிடம் இருக்கிறது.

முன்பே வாங்கிவிட்டவர்கள் என்ன செய்வது என்று கேட்கிறார்கள். மனைவி மன்னித்துவிட்டாள் என்று சிலர் சமாதானம் சொல்கிறார்கள். அவள் கொடுக்கவில்லையே! கொடுத்தது அவளுடைய தகப்பனார். ஆகையால் திருப்பிக் கொடுக்க வேண்டியது அவரிடம். முழுவதும் ஒரே தடவையில் முடியாவிட்டால் தவணையாகக் கொடுங்கள்; கடன் என்று எழுதி வையுங்கள். அவர் மவுத்தாகியிருந்தால் அது அவருடைய வாரிசுகளுக்குச் சேர வேண்டியது. அந்த வாரிசுகளில் ஒருத்தி உங்கள் வீட்டிலேயே இருக்கிறாள். அவளுடைய பங்கு எவ்வளவு என்பதும் அதே 11-ஆம் வசனத்தில் இருக்கிறது.